எழுத்துக்கு இன்னும் ஏழு கிழமை

மிஸ்ஸியிடம் கேளுங்கள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி:

அன்புள்ள மிஸ்ஸி, எனக்கு 29 வயது. திருகோணமலையில் அபிவிருத்தி உத்தியோகத்தராக வேலை செய்கிறேன். வளாகத்தில் படிக்கும்போது பழகிய ஒருவரை ஆறு வருடமாக விரும்புகிறேன். அவருக்குத் தம்பலகாமம். இப்போது கட்டாரில் வேலை. இரண்டு வீட்டிலும் சம்மதம். ஆவணியில் அவர் லீவில் வரும்போது எழுத்து (கலியாணப் பதிவு), தையில் கலியாணம் என்று பேசி முடித்துவிட்டார்கள். எழுத்துக்கு இன்னும் ஏழு கிழமைதான் இருக்கிறது. பதிவாளருக்கும் சொல்லியாயிற்று.

அவர் கெட்டவர் இல்லை. 2022இல் அவர் வெளிநாடு போவதற்கு என் பெயரில் வங்கியில் கடன் எடுத்துக் கொடுத்தேன். ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டி முடித்தார். போன வருடம் அவர் லீவில் நின்ற நேரம் என் அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தார். நான்கு இரவு வார்டுக்கு வெளியே வாங்கிலில் படுத்தார். குடி, சிகரெட் ஒன்றும் இல்லை.

ஆனால் கோபம் வந்தால் கதைக்கமாட்டார். மெசேஜ் பார்த்ததற்கு நீலக்கோடு விழும், பதில் வராது. ஒருமுறை 11 நாள். ஒவ்வொரு முறையும் நான்தான் மன்னிப்புக் கேட்பேன், என்ன பிழை விட்டேன் என்று தெரியாமலே. பிறகு ஒன்றும் நடக்காதது போல “சாப்பிட்டியா” என்று தொடங்குவார்.

இரண்டு மாதத்துக்கு முன் மட்டக்களப்பில் கட்டிக்கொடுத்திருக்கும் அவருடைய தங்கை போனில், “அண்ணி, எழுத்து முடிய வேலையை விட்டிட்டு அம்மாவோட வந்து இருக்கப் போறீங்களாமே” என்றாள். எனக்கு அப்படி ஒரு கதையே தெரியாது. அவரிடம் கேட்டேன். “அம்மா தனிய இருக்கிறா” என்றார். மேலே கேட்டேன். ஆறு நாள் கதைக்கவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே நான் எடுக்கவில்லை.

இரவில் நித்திரை இல்லை. அம்மாவிடம் சொன்னால், “கலியாணம் முடிய எல்லாம் சரிவரும்” என்கிறா. இவ்வளவு நல்லவரைப் பற்றி இப்படி யோசிப்பது என் மனதின் பிழையா? இருப்பதா, விடுவதா?

பெயர் வேண்டாம், திருகோணமலை

பதில்:

மகள், உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். உங்கள் மனதில் பிழை இல்லை. முதலில் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். கடன் கட்டியதையும் வாங்கிலில் படுத்ததையும் மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள். ஆளைப் பழிக்க நினைக்கிறவர் அப்படி எழுதமாட்டார்.

வேலை விஷயத்தை முதலில் எடுக்கிறேன், ஏனென்றால் அங்கேதான் எனக்குத் தட்டுப்பட்டது. தம்பலகாமத்திலிருந்து காலை பஸ் பிடித்துத் திருகோணமலைக் கந்தோர்களுக்கு வந்து போகிற பெண்களை நாங்கள் எல்லோரும் பார்க்கிறோம். அப்படியொன்றும் தூரம் இல்லை. தம்பலகாமத்திலேயே பிரதேச செயலகம் இருக்கிறது, இடமாற்றம் கேட்டுப் பார்க்கலாம். இரவில் மாமிக்குத் துணையாக இருந்துகொண்டு பகலில் வேலைக்குப் போக ஒரு தடையும் இல்லை. அப்படியானால் “அம்மா தனிய இருக்கிறா” என்பது நீங்கள் அந்த வீட்டில் போய் இருப்பதற்குக் காரணம். வேலையை விடுவதற்கு அது காரணமாகாது. வேறு ஏதோ இருக்கிறது. மாமிக்கு உங்களிடம் சொல்லாத நோய் வருத்தம் ஏதாவது இருக்கலாம். மருமகள் வேலைக்குப் போனால் ஊர் ஒரு கதை கதைக்கும் என்ற பயமாக இருக்கலாம். அவரே யோசிக்காமல் தாய்க்கு வாக்குக் கொடுத்துவிட்டு இப்போது வெளியே வரத் தெரியாமல் நிற்கலாம். எதுவானாலும் கதைத்துத் தீர்க்கக்கூடியவைதான். நீங்கள் கேட்டதும் அவர் வாயை மூடியதுதான் எனக்குக் கவலை.

அந்த வேலை ஓய்வூதியம் உள்ள வேலை என்பதையும் சொல்லிவைக்கிறேன். என் அவர் போன பிறகு என் அடுப்பு எரிவது என் ஓய்வூதியத்தில். அதை விடுவது பற்றி அவருடைய தங்கையிடமிருந்து நீங்கள் கேள்விப்பட்டிருக்கக் கூடாது.

இனி அந்த மௌனம்.

நான் 34 வருடம் குடும்பநல உத்தியோகத்தராக, அதாவது மருத்துவிச்சியாக, வீடு வீடாகப் போனவள். தோளில் பை, பைக்குள் பிள்ளை நிறுக்கிற தராசு, பதிவுப் புத்தகம். வாசலில் நின்று பேசிவிட்டுப் போகிற வேலை இல்லை அது. குசினி வரைக்கும் போவோம். ஒரு வீட்டைப் பற்றிச் சொல்கிறேன், பெயரும் இடமும் வேண்டாம். கூட்டித் தெளித்த முற்றம், சுவரில் சாமிப் படங்கள், குறை சொல்ல ஒன்றுமில்லாத குடும்பம். இரண்டாவது பிள்ளைக்கு ஏழாம் மாதம். நான் குசினியில் அந்தத் தாய்க்குப் பிரஷர் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மூத்த பெடியனுக்கு நாலு வயது இருக்கும். தாய் அவனிடம் சொன்னாள், “அப்பாட்டச் சொல்லு, சோறு ஆறுதாம்.” பெடியன் விறாந்தைக்குப் போய், “அப்பா, சோறு ஆறுதாம்” என்றான். திரும்பி வந்து, “பசிக்கேல்லையாம்” என்றான். விறாந்தைக்கும் குசினிக்கும் நடுவில் பத்தடிகூட இல்லை. அவர் சொன்னது எனக்கே கேட்டது.

“எத்தனை நாளா?” என்று கேட்டேன்.

“இந்த முறை 19 நாள் மிஸ்ஸி.”

விரல் மடிக்கவில்லை, யோசிக்கவில்லை. கணக்கு அவள் நாவிலேயே இருந்தது. அந்த வீட்டில் அடி இல்லை, குடி இல்லை, சம்பளம் ஒழுங்காக வீட்டுக்கு வரும். நான் புறப்பட்டபோது அந்தப் பெடியன் கேற் வரைக்கும் என் பின்னால் வந்தான். “மிஸ்ஸி, அம்மாட்ட ஏதும் சொல்லவேணுமா?” என்று கேட்டான். யார் வீட்டுக்கு வந்தாலும் தன் வேலை அதுதான் என்று நினைத்துவிட்டான். சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அந்தக் கேற்றடியில் நான் நின்ற நிலை இன்றைக்கும் எனக்கு மறக்கவில்லை.

உங்கள் கடிதத்தில் 11 நாள், ஆறு நாள் என்று எழுதியிருந்ததைக் கண்டதும் அந்த வீடுதான் கண்ணில் வந்தது. நாள் எண்ணத் தொடங்கிவிட்டீர்கள், மகள்.

அதற்காக, கதை குறைந்த ஆம்பிளைகள் எல்லோரும் ஆகாதவர்கள் என்று சொல்லவரவில்லை. சொன்னால் என் வீட்டுக்காரருக்கு நான் அநியாயம் செய்கிறேன். எங்களுடையது பேசிச் செய்த கலியாணம். 1985ஆம் ஆண்டு. ஊர் கலங்கிக் கிடந்த காலம், பொழுதுபட்டால் ஊரடங்கு. எழுத்துக்கு ஒரு கிழமைக்கு முன் அவர் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். அம்மா உள்ளே போன நேரம் பார்த்து நான் நேரே கேட்டுவிட்டேன்: “பிள்ளைப்பேறு நேரம் காலம் பார்த்து வராது. நடுச்சாமத்தில் ஆள் வந்து கூப்பிட்டாலும் நான் போவன். அதுக்குச் சம்மதம் எண்டால் எழுதுவம்.” அவர் நிலத்தைப் பார்த்தார். தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். எழும்பிப் போய்விட்டார். அந்த இரவு முழுக்க நான் அழுதேன். சரி, முடிந்தது என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் பின்னேரம் வந்தார். யாரோடும் கதைக்கவில்லை. என் சைக்கிளை முற்றத்தில் தலைகீழாக நிறுத்தினார். மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். டைனமோவும் லைற்றும். பூட்டி முடித்துப் பின் சில்லைக் கையால் சுற்றினார். கிணற்றுக்கட்டில் வெளிச்சம் விழுந்தது. “இப்ப சரி” என்றார். அவ்வளவுதான் அவர் சொன்ன பதில்.

33 வருடம் என்னோடு இருந்தார். கடைசி வரைக்கும் கதை குறைவுதான். ஆனால் அவர் மனதில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் ஒரு கிழமை என்னை அலைய விட்டதில்லை. அவருடைய மௌனத்துக்குப் பின்னால் ஒரு பதில் வந்துகொண்டிருக்கும். உங்கள் ஆளின் மௌனத்துக்குப் பின்னால் வருவது “சாப்பிட்டியா”. கேட்ட கேள்வி கேட்ட இடத்திலேயே கிடக்கிறது, நீங்கள் மன்னிப்பும் கேட்டுவிடுகிறீர்கள். உங்களைக் கேள்வி கேட்காத ஆளாக அது மாற்றிக்கொண்டு வருகிறது. அவர் திட்டம் போட்டுச் செய்கிறார் என்று நான் சொல்லவில்லை. தகப்பன் இப்படி இருந்த வீட்டில் வளர்ந்த பிள்ளைக்குக் கோபம் என்றால் இதுதான் என்று பழகிப்போயிருக்கலாம். கட்டார் வெயிலில் பகல் முழுக்க வேலை செய்துவிட்டு அறைக்கு வருகிற மனிதனுக்குச் சண்டை பிடிக்கத் தெம்பு இல்லாமலும் இருக்கலாம். அதையும் நினைக்கத்தான் வேண்டும்.

அதனால் முதல் வேலை உங்களுடையது. உங்கள் கடிதத்தில் ஓர் இடத்திலும், “நீங்கள் கதைக்காமல் விடும்போது எனக்கு இப்படி இருக்கிறது” என்று அவரிடம் சொன்னதாக இல்லை. ஆறு வருடத்தில் ஒருமுறையாவது சொன்னீர்களா? சொல்லவில்லை என்றால் அவரை மனதுக்குள் மட்டும் வைத்து வழக்கு நடத்தாதீர்கள். அது அவருக்கும் நியாயம் இல்லை. வட்ஸ்அப்பில் எழுதாதீர்கள், எழுத்தில் கோபம் கூடித் தெரியும். அவருக்கு லீவு நாள் எது என்று உங்களுக்குத் தெரியும். அன்றைக்கு வீடியோவில் முகம் பார்த்துக் கதையுங்கள். நித்திரை இல்லாததைச் சொல்லுங்கள். 11 நாளைச் சொல்லுங்கள். பிறகு ஒரே ஒரு கேள்வி: “நான் ஏன் வேலையை விடவேணும்?” வேறு பழைய கணக்கு ஒன்றையும் அன்றைக்கு அவிழ்க்க வேண்டாம்.

அவர் கோபப்படலாம். கோபப்பட்டாலும் கதைத்தால் நல்லது. வார்த்தை தடுமாறினாலும், இரண்டு நாள் கழித்து வந்து “யோசிச்சனான்” என்றாலும் நல்லது. அப்படி வருகிறவரோடு வாழலாம், மகள். அதை நான் துணிந்து சொல்வேன். போனை வைத்துவிட்டு மறுபடியும் காணாமல் போனால், இந்த முறை நீங்கள் மன்னிப்புக் கேட்காதீர்கள். இது கடினம், எனக்குத் தெரியும். பத்து நாளானாலும் கேட்காதீர்கள். செய்யாத பிழைக்கு மன்னிப்புக் கேட்டு முடிக்கிற ஒவ்வொரு சண்டையும் அடுத்த சண்டைக்கு வழி காட்டிவிடுகிறது. “சாப்பிட்டியா” என்று வரும்போது, “சாப்பிட்டன், நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்கோ” என்று அன்பாகவே சொல்லுங்கள்.

எப்படி நடந்தாலும் ஆவணி எழுத்தைத் தள்ளிப்போடுங்கள். இதில் நான் பிடிவாதமாக நிற்கிறேன். எங்கள் ஆட்கள் எழுத்தை நிச்சயதார்த்தம் மாதிரி நினைக்கிறார்கள். தாலிதான் கலியாணம், எழுத்து சும்மா ஒரு கையெழுத்து என்று. சட்டத்துக்கு அது மறுபக்கம். கையெழுத்து வைத்த நிமிடத்திலிருந்து நீங்கள் புருசன் பெண்சாதி. தாலி ஏறவில்லை, ஒரு நாளும் ஒன்றாக இருக்கவில்லை என்பதால் அந்தக் கையெழுத்து அழியாது. 1907ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பதிந்த கலியாணத்தை முறிக்க மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகவேண்டும். “எங்களுக்கு ஒத்துவரவில்லை, இரண்டு பேருக்கும் சம்மதம்” என்பது அந்தச் சட்டத்தில் காரணமாக இல்லை. இன்னொருவரோடு உறவு, வேண்டுமென்றே கைவிட்டுப் போதல், கலியாண நேரத்திலேயே இருந்த மாறாத தாம்பத்திய இயலாமை, இவற்றில் ஒன்றை நிரூபிக்கவேண்டும். தீர்ப்பு வந்த பிறகும் அது முடிவான தீர்ப்பாக மூன்று மாதம் போகவேண்டும். எழுத்து முடிந்து, கலியாணம் நடக்காமலே விவாகரத்துக்காக நீதிமன்றப் படி ஏறி இறங்கிய பிள்ளைகளை எனக்குத் தெரியும். எழுத்துக்கு முதல் நாள் வரைக்கும் நிறுத்துவதற்கு உங்கள் ஒரு வார்த்தை போதும்.

“தையில் கலியாணத்தோடு சேர்த்தே எழுதுவம்” என்று சொல்லிப் பாருங்கள். யாருக்கும் அவமானம் இல்லாத வார்த்தை அது. அதற்கு அவர் என்ன செய்கிறார் என்பதையும் பாருங்கள். “ஏன், என்ன யோசிக்கிறாய்?” என்று கேட்கிறாரா, “ஆவணியில் இல்லை என்றால் ஒன்றும் வேண்டாம்” என்கிறாரா? இரண்டாவது வந்தால் உங்கள் கடைசிக் கேள்விக்கு அவரே பதில் சொல்லிவிட்டார்.

ஆறு வருடம் போய்விட்டதே என்று உங்கள் மனம் சொல்லும். அந்த ஆறு வருடத்தில் நல்லது இருந்தது, அது உங்களோடு இருக்கட்டும். ஆனால் அது போய்விடுமே என்பதற்காக அடுத்த நாற்பது வருடத்தைக் கொண்டுபோய் வைக்கவேண்டாம். 29 வயதாகிவிட்டது என்று யாராவது பயம் காட்டினால் என் பெயரைச் சொல்லுங்கள். முப்பது தாண்டி முதல் பிள்ளையைப் பெற்ற எத்தனை தாய்மாரை என் புத்தகத்தில் பதிந்திருக்கிறேன்!

அம்மாவோடும் இன்னொருமுறை கதையுங்கள். “கலியாணம் முடிய எல்லாம் சரிவரும்” என்று அவ சொல்வது உங்கள் மேல் அக்கறை இல்லாமல் இல்லை. அவவுக்கும் யாரோ அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். ஆறுதலாக இருக்கும்போது, “உங்களுக்குச் சரிவந்ததா அம்மா?” என்று கேட்டுப் பாருங்கள்.

இதே பக்கத்தை வாசிக்கிற வேறு பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லவேண்டும். கை நீட்டுகிறவர், போனைப் பறித்துப் பார்க்கிறவர், “விட்டுப் போனால் படத்தைப் போடுவன்” என்று மிரட்டுகிறவர் என்றால் நான் மேலே எழுதியது ஒன்றும் உங்களுக்கு இல்லை. காத்திருக்க வேண்டாம், வீடியோவில் கதைக்கவும் வேண்டாம். நம்பக்கூடிய ஒருவரிடம் இன்றைக்கே சொல்லுங்கள். 1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்துக்கு எடுக்கலாம். வீட்டு வன்முறைக்கு எதிராக 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம்.

கேள்வி:

மிஸ்ஸி, என் மகளுக்கு 26 வயது. பேசிச் செய்யும் கலியாணம். மண்டபத்துக்கு முற்பணம் கட்டி, கார்ட் அடித்து முடிந்தது. வருகிற கிழமை தாலிக்குப் பொன் உருக்குகிற பொன்னுருக்கு. இப்போது வந்து “எனக்கு மனம் ஒப்பவில்லை” என்கிறாள். காரணம் கேட்டால் அழுகிறாள். இவருக்குச் சொல்லவே பயமாக இருக்கிறது. கண்ணூறு ஏதுமோ தெரியவில்லை. பத்திரகாளி அம்மனுக்கு நேர்த்தி வைத்திருக்கிறேன். ஊரில் எப்படி முகம் காட்டுவது?

ஒரு தாய், நிலாவெளி

பதில்:

தங்கச்சி, நேர்த்தியை அம்மன் பார்த்துக்கொள்வா. மகளை நீங்கள் பாருங்கள்.

நீங்கள் காரணம் கேட்ட விதத்தை எனக்கு ஊகிக்க முடிகிறது, நானும் தாய்தான். “ஏனடி இப்ப வந்து இப்படிச் சொல்லுறாய்?” என்றுதான் கேட்டிருப்பீர்கள். அதற்குப் பிள்ளை அழத்தான் செய்யும். இன்றைக்கு இரவு சமையலைச் சுருக்கி முடித்துவிட்டு அவளுடைய பாயில் போய்ப் படுங்கள். லைற்றை நிற்பாட்டுங்கள். “என்ன நடந்தது?” என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். இருட்டில் சொல்வது எங்கள் பிள்ளைகளுக்குச் சுகம். அவள் சொல்லத் தொடங்கினால் இடையில் மண்டபத்தைப் பற்றியோ அப்பாவைப் பற்றியோ ஒரு வார்த்தை வரக்கூடாது.

வீட்டை விட்டுப் போகிற பயம் என்றால் கேட்கும்போதே உங்களுக்குத் தெரியும். உங்களைப் பற்றியே கதைப்பாள், “நீங்கள் தனிய என்ன செய்வீங்கள்” என்பாள். அது கொஞ்ச நாளில் தெளியும். பெடியனைப் பற்றிய கதை வந்தால், போனில் அவன் சொன்ன ஏதோ ஒரு வார்த்தை, கேட்ட ஏதோ ஒரு படம், சீதனத்தில் புதிதாக முளைத்த ஏதோ ஒன்று, அப்போது பொன்னுருக்கை நிறுத்துங்கள். பொன் உருக்கிய பிறகு நிறுத்த உங்களுக்கும் மனம் வராது, அவளுக்கும் வாய் வராது. மண்டபக் காசு போனால் போகட்டும். கார்ட் கொடுத்த வீடுகளுக்கு “தள்ளிப்போட்டிருக்கு” என்ற ஒரு சொல் போதும். ஊர் இரண்டு மாதம் கதைக்கும்.

இவருக்குச் சொல்லும்போது மகளை முன்னால் நிறுத்தாதீர்கள். “எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை” என்று நீங்கள் சொல்லுங்கள். ஏச்சு விழுந்தால் உங்கள் மேல் விழட்டும். அந்த ஒரு உதவியை அவள் உயிருள்ளவரை மறக்கமாட்டாள்.

கேள்வி:

மிஸ்ஸி, நான் திருக்கடலூர். வயது 31. சொந்தமாக ஒரு படகு இருக்கிறது. நான் விரும்புகிற பிள்ளை மூன்று வருடம் பழகிய பிறகு “எனக்கு ரெண்டு மாசம் யோசிக்க விடுங்கோ, கதைக்க வேண்டாம்” என்று சொல்லியிருக்கிறா. மூன்று கிழமை ஆகிறது. காலையும் இரவும் ஒரு மெசேஜ் மட்டும் போடுகிறேன். உவர்மலையில் அவ பஸ் ஏறுகிற இடத்துக்குப் போய்த் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு வருகிறேன். கோணேசர் மலையில் காதலுக்காகக் கடலில் குதித்த வெள்ளைக்காரப் பெண்ணுக்குத் தூண் வைத்திருக்கிறார்கள். அப்படி ஒருத்தி இருந்த ஊரில் நான் என் அன்பைக் காட்டக்கூடாதா?

பெயர் வேண்டாம், திருக்கடலூர்

பதில்:

தம்பி, அந்தத் தூணின் கதையை நானும் சின்ன வயதிலேயே கேட்டு வளர்ந்தவள். பிரான்சினா என்ற டச்சுப் பெண், கப்பலில் போய்விட்ட காதலனைப் பார்த்துக்கொண்டே 1687இல் மலையிலிருந்து குதித்தாள் என்பார்கள். டச்சுக்காரரின் பழைய பதிவுகளைப் பார்த்தவர்கள் வேறு மாதிரி எழுதியிருக்கிறார்கள். அந்தப் பெண் அதற்குப் பிறகும் உயிரோடு இருந்து இன்னொருவரை மணம் முடித்தாளாம். எனக்கு அதைக் கேட்டபோது பெரிய நிம்மதியாக இருந்தது. உங்களுக்கும் இருக்கவேண்டும் என்று விரும்புகிறேன். மலை, குதிப்பு என்ற பக்கம் மனம் போகிற இரவு வந்தால் 1926க்கு எடுத்துக் கதையுங்கள். மனநல உதவிக்கான இலக்கம் அது. வெட்கப்பட ஒன்றும் இல்லை.

பஸ் தரிப்பிடத்துக்கு இனிப் போகாதீர்கள். தூரத்தில் நிற்கிறேன் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். அவவுக்குத் தெரியும், பக்கத்தில் நிற்கிற மற்றப் பிள்ளைகளுக்கும் தெரியும். நாளைக்கு வேறு பாதையால் போகலாமா என்றுதான் யோசிப்பா. உங்களைப் பற்றி யோசிக்க அவ கேட்ட இடத்தில் நீங்களே போய் நின்றால், அவ யோசிப்பது எப்படி? காலை மெசேஜும் அப்படித்தான். அது விழுகிற ஒவ்வொரு முறையும் அவ பதில் சொல்லாத குற்றவாளி ஆகிறா.

உங்கள் பக்கத்து வலி எனக்கு விளங்காமல் இல்லை. ஒரு பிள்ளை யோசிக்கவேணும் என்று சொன்னால், மூன்று வருடத்தையும் தட்டில் வைத்து நிறுத்துப் பார்ப்பது போல இருக்கும். அவமானமாகவும் இருக்கும். ஆனால் அவ காரணம் சொல்லாமல் ஓடிப்போகவில்லை. முகம் பார்த்து நேரம் கேட்டிருக்கிறா. அது உங்கள் மேல் மரியாதை இருப்பதால்தான்.

கடைசியாக ஒரு மெசேஜ் போடலாம். “நீங்கள் கேட்ட ரெண்டு மாசம் உங்களுக்கு. இன்ன திகதிக்குப் பிறகு நானே எடுப்பன், அதுவரைக்கும் கரைச்சல் தரமாட்டன்.” திகதியை எழுதுங்கள். எழுதினபடி நடவுங்கள். அந்த நாளில் எடுத்துக் கேளுங்கள். வேண்டாம் என்றால் ஒரு முறைக்கு மேல் ஏன் என்று கேட்காமல் வையுங்கள்.

இப்போது கச்சான் காற்றுக் காலம், எங்கள் பக்கத்துக் கடல் அடங்கிக் கிடக்கிறது. தொழிலுக்குப் போகக்கூடிய நாட்களைத் தரிப்பிடத்தில் விட்டுவிடாதீர்கள். திகதி வந்து கதைத்த பிறகு, பதில் எதுவானாலும் எனக்கு எழுதுங்கள், தம்பி.